செல்வரத்தினத்தார் வளர்த்த புல்

செல்வரத்தினத்தாருக்கு இந்த உலகத்தில் எதிரி என்று ஒருவரும் கிடையாது, புல்லைத் தவிர. யாழ்ப்பாணத்து மனிதர். முற்றத்தில் புல் நின்றால் அந்த வீட்டில் ஆட்கள் இல்லை, இருந்தாலும் முழுச் சோம்பேறிகள் என்பது அவருடைய தீர்ப்பு. மண் தெரியக் கூட்டி, விளக்குமாற்றின் கீறல் வரிவரியாக விழுந்திருந்தால்தான் அதற்கு முற்றம் என்று பெயர்.

இப்படிப்பட்ட மனிதர் நியூசிலாந்தில், ஆக்லாந்தின் ரானுயியில் வாடகைக்கு எடுத்த வீட்டின் முன்னால், பச்சைப்பசேலென்று புல். குளிர்காலம் முழுவதும் அதை ஜன்னலால் முறைத்துக்கொண்டிருந்தார். செப்டெம்பரில் வெயில் கொஞ்சம் முகம் காட்டியதும் தெருவில் எல்லோரும் புல்வெட்டும் மெஷினை வெளியே எடுத்தார்கள். இவர் மண்வெட்டியை எடுத்தார். பேக்கரி வேலை இல்லாத இரண்டு நாளும் குனிந்த தலை நிமிராமல், வேரோடு செருக்கித் தள்ளினார். பிறகு கூட்டினார். இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தபோது, நாட்டை விட்டு வந்த பிறகு முதல் தடவையாக ஒரு வேலையை ஒழுங்காகச் செய்த திருப்தி அவருக்கு.

திங்கட்கிழமை மழை பிடித்துக்கொண்டது. ஆக்லாந்து மழைக்கு வரத்தான் தெரியும், போகத் தெரியாது. முற்றம் சேறாகி, சேறு செருப்போடு வீட்டுக்குள் ஏறியது. மனைவி குணவதி கார்ப்பெட்டைத் தேய்த்துத் தேய்த்து வாய்க்கு வந்தபடி ஏசினாள். அந்த நேரம் பார்த்து, வீட்டுக்காரர் முன்சாமியிடமிருந்து செய்தி வந்தது. அடுத்த மாதக் கடைசியில் வீட்டைப் பார்க்க வருகிறாராம், வாடகை ஒப்பந்தம் முடிவதைப் பற்றியும் பேச வேண்டுமாம்.

மகள் பிரணவிக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். அவள்தான் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்து, புல்லைப் பராமரிப்பது குடியிருப்பவர் பொறுப்பு என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பராமரிப்பதற்குப் புல் எங்கே என்று குணவதி தமிழில் கேட்டாள். இந்த வீடு கிடைக்க எத்தனை வீடு ஏறி இறங்கினார்கள் என்பது செல்வரத்தினத்தாருக்கல்லவா தெரியும். இதை விட்டால் மகளின் படிப்புக்கு நடுவில் பெட்டி தூக்க வேண்டும்.

அன்றே போய்ப் புல்விதை வாங்கி வந்தார். காசு கொடுத்துப் புல் வாங்கியது தன் பரம்பரையிலேயே தான் ஒருவன்தான் என்று நொந்துகொண்டார். ஆனால் விதை என்று கைக்கு வந்துவிட்டால் அவருக்கு அது நெல். சாக்கில் கட்டி நனைத்து வைத்து, முளை வெடித்த பிறகு நிலத்தைக் கொத்திப் பண்படுத்தி வீசினார். மறுநாள் காலையில் மேற்கு ஆக்லாந்தின் குருவிகள் எல்லாம் அவர் முற்றத்தில் விருந்துக்கு வந்திருந்தன.

மிச்சம் இருந்த விதையையும் வீசி, குணவதியின் பழைய நைலெக்ஸ் சேலைகளை மேலே விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தார். கூறைச் சேலையில் மட்டும் கை வைக்கக்கூடாது என்ற நிபந்தனையில் அவள் சம்மதித்திருந்தாள். சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக முற்றம் ஜொலித்தது. தெருவில் நாய் கூட்டிப் போனவர்கள், இது என்ன பண்டிகை என்று நின்று விசாரித்து வாழ்த்தும் சொன்னார்கள். பிரணவி பின்வாசலால் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள்.

சேலைக்கு அடியில் பச்சை தெரிந்த அன்றைக்கு மனிதர் மாறிப்போனார். வேலையால் வந்ததும் தேத்தண்ணிக்கு முன் புல்லைத்தான் போய்ப் பார்த்தார். பார்சல்காரனைப் படலையிலேயே மறித்தார். குறுக்கே நடந்த குணவதியிடம், பிள்ளைத்தாய்ச்சியை இடித்துவிட்ட மாதிரிச் சண்டை பிடித்தார்.

முன்சாமி சொன்ன நாளுக்கு வந்தார். பீஜியில் பிறந்தவர், பக்கத்து நியூ லின்னில் பிளம்பர். பெயரில் இருந்த தமிழ் வாயில் இல்லை. இளம்புல் முற்றம் முழுக்க நின்றதைப் பார்த்து அவர் முகம் வாடியது. போன மாதம் இந்தப் பக்கம் வந்தபோது வெறும் தரையைக் கண்டாராம்; பரவாயில்லை, பாதி வேலை முடிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாராம். இந்த இடத்துக்குக் கொங்கிரீட் போட்டால் இரண்டு கார் விடலாம், புல்வெட்டும் தொல்லையும் இல்லை. அதற்குச் சம்மதம் என்றால் இன்னும் இரண்டு வருடத்துக்கு எழுதித் தருவதாகச் சொல்லி, பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார்.

குணவதிக்கு உயிர் வந்தது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் கணவனின் முதுகில் மெல்லக் குத்தினாள். ஆனால் செல்வரத்தினத்தாருக்கு உணர்ச்சி வந்தால் ஆங்கிலம் போய்விடும்.

"அண்ணை, கொங்கிரீட் வேண்டாம். குருவியிட்ட இருந்து காப்பாத்தி, மழையிலயிருந்து காப்பாத்தி வளர்த்தனான். இப்பதான் வேர் பிடிச்சிருக்கு. விடுங்கோ அண்ணை."

முன்சாமி பிரணவியைப் பார்த்தார். அப்பா கெஞ்சியதை அவளும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அவர் புல்லை வைத்திருக்க ஆசைப்படுகிறார் என்று ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொன்னாள்.

முன்சாமி குனிந்து உள்ளங்கையால் புல்லைத் தடவிப் பார்த்தார். பிறகு நாடாவைப் பைக்குள் போட்டுவிட்டு, அப்படியானால் வெட்டுகிற வேலை உன்னுடையது, அதைப் பற்றி என்னிடம் முறைப்பாடு வரக்கூடாது என்றார். புது ஒப்பந்தத்தை அடுத்த வாரம் அனுப்புவதாகச் சொல்லிப் போனார்.

முன்சாமியின் வான் வண்டி தெருமுனையில் திரும்பியதும் குணவதி பிடித்துக்கொண்டாள்.

"அந்தாள் ஏலாது எண்டு சொல்லியிருந்தா வீடு போயிருக்குமெல்லே? என்ன துணிச்சலில கதைச்சனீங்கள்?"

செல்வரத்தினத்தார் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

"வீடு எனக்கு அந்த நேரம் ஞாபகத்திலயே வரேல்லையப்பா," என்றார்.