வாசலில் செருப்பில்லாத வக்கீல் ஆபீஸ்

போன மாதம் மயிலாடுதுறையில் ஒரு வக்கீல் ஆபீசுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பே இல்லை.

இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? எங்கள் பக்கத்தில் வக்கீலை வாசல் செருப்பை வைத்துத்தான் எடை போடுவோம். படியிறங்கித் தெரு வரைக்கும் கிடந்தால் பெரிய வக்கீல். நாலைந்து ஜோடி என்றால் இப்போதுதான் போர்டு மாட்டியவர். ஒன்றுமே இல்லை என்றால்...?

கூட வந்த ரஹ்மத்துல்லாவின் முகம் வெளுத்துவிட்டது. "என்னடா, கடையை மூடிட்டாங்களா?" என்றான்.

அவன் பயம் நியாயமானது. ரஹ்மத்தும் நானும் ஷார்ஜாவில் ஒரே அறையில், மேல் கட்டில் கீழ்க் கட்டிலாகக் கிடந்தவர்கள். நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். பம்பாய், ஷார்ஜா, மஸ்கட் என்று கால் போன பக்கம் போய், பாத்திரம் கழுவி, டைல்ஸ் ஒட்டி, ஊர் திரும்பிவிட்டேன். அவன் இன்னும் அங்கேதான். ஊரில் ஒரு வீடு கட்டத்தான் போனான். கட்ட வேண்டிய மனையோ அண்ணனோடு பாகப்பிரிவினை வழக்கில் மாட்டிக்கொண்டது. மனைவி ஜெய்புன்னிசாவும் பிள்ளைகளும் இத்தனை வருஷமாக வாடகை வீட்டில்.

வழக்கு நகர வேண்டுமானால் ரஹ்மத் கூண்டேறிச் சாட்சி சொல்ல வேண்டும். அவனுக்கு லீவு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. இந்த லீவும் வீணானால் அடுத்த லீவு வரைக்கும் மனையில் கருவேலம்தான் வளரும்.

இந்த லீவும்... என்று ஏன் சொல்கிறேன்? போன லீவில் நடந்த கூத்து அப்படி.

வக்கீல் கோமதி மேடம் கெட்டிக்காரர். அப்பா காலத்து ஆபீஸ். ஆனால் அங்கே கட்சிக்காரர்களுக்குச் சொல்வது ஒரே வார்த்தை — வாய்தா. ஜட்ஜ் லீவா? வாய்தா. எதிர்த்தரப்பு நேரம் கேட்டதா? வாய்தா. சாட்சி சொல்ல வேண்டிய நாளா? அதுவும் வாய்தாதான். ஜெய்புன்னிசா ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறிப் போய், கோர்ட் மரத்தடியில் நின்று, அடுத்த தேதியைக் கேட்டுக்கொண்டு திரும்புவார். நடவு வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறவர்களும் அதே மரத்தடியில்தான்.

போன லீவில் ரஹ்மத் ஊரில் இருந்தபோது ஆபீசிலிருந்து போன். வாய்தா, அவரை வரச் சொல்லுங்கள் என்றார்கள். வழக்கமான வாய்தாதான் என்று ஜெய்புன்னிசா சொல்ல, குடும்பத்தோடு நாகூருக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே இவன் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே கோர்ட்டில் இவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தப்பு யார் மேல்? வக்கீல் ஆபீசில் சொன்னார்கள். இவர்களும் கேட்டார்கள். விஷயம் மட்டும் போய்ச் சேரவில்லை.

மேடத்திடம் இளவரசி என்று ஒரு ஜூனியர். சென்னையில் பெரிய வக்கீல் கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே 'டிசைன் திங்கிங்' என்று ஒன்று சொல்லித் தந்தார்களாம். எனக்கு டிசைன் என்றால் டைல்ஸ் டிசைன்தான் தெரியும். அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். முதலில், வருகிறவர்களுக்கு என்ன கஷ்டம் என்று அவர்களிடமே கேட்பது. பிறகு சின்னதாக ஒன்றைச் செய்து பார்ப்பது. சரிவராவிட்டால் கூச்சப்படாமல் மாற்றுவது.

முதல் தடவை சரிவரவில்லை. கேட்காமலே, காத்திருப்பதுதான் கஷ்டம் என்று அவர்களாக முடிவுகட்டி, குஷன் நாற்காலி, டிவி, டோக்கன் எல்லாம் வைத்தார்கள். டோக்கனை யார் மதித்தார்கள்? மணல்மேடு பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவருக்குக் குத்தாலத்துக்காரர் தன் டோக்கனைக் கொடுத்துவிட்டு, டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிப் பேச்சைத் தொடர்ந்தார்.

பிறகுதான் இளவரசி கட்சிக்காரர்கள் நடுவிலேயே போய் உட்கார்ந்தார். காத்திருப்பதை யாரும் பெரிய குறையாகச் சொல்லவில்லையாம். ஜெய்புன்னிசாதான் போட்டு உடைத்தார்.

"உக்காந்திருக்கிறது ஒண்ணும் வலிக்கலம்மா. எதுக்கு வரணும், எதுக்கு வர வேண்டாம்னு தெரியலையே... எல்லாத்துக்கும் ஒரே மாதிரி சொன்னா நாங்க எதைத்தான் நம்புறது?"

அதன் பிறகு வந்தது ஒரு சின்ன ஏற்பாடு. கோர்ட் முடிந்த சாயங்காலம் கட்சிக்காரர் போனுக்கு வாட்ஸ்அப்பில் இளவரசியின் குரல் வரும். இன்றைக்கு என்ன நடந்தது, அடுத்து என்ன, நீங்கள் வர வேண்டுமா வேண்டாமா. அவ்வளவுதான். படிக்கத் தெரியாதவருக்கும் காது இருக்கிறதே!

கோமதி மேடம் சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லையாம். எல்லோரையும் வர வேண்டாம் என்றால் வாசல் காலியாகிவிடும், புதிதாக வருகிறவர் எதிர்வீட்டு வக்கீலிடம் போய்விடுவார் என்று பயம். தப்பில்லை. ஆஸ்பத்திரியானாலும் புரோட்டா கடையானாலும் கூட்டத்தைப் பார்த்துத்தானே நாமும் நுழைகிறோம்? அடுத்தவர் கால்வலிதான் நமக்கு நம்பிக்கை! கடைசியில், நாகூர் கல்யாணத்தை நினைத்துத்தான் மேடம் சரி என்றாராம்.

இந்தத் தடவை இளவரசியின் குரல் ஷார்ஜாவுக்கே போயிருந்தது: இதற்கு நீங்கள் கட்டாயம் வர வேண்டும். அதைக் கேட்டுத்தான் ரஹ்மத் லீவு போட்டான். விசாரணைக்கு முதல் நாள் போய்ப் பார்த்தால்... வாசலில் செருப்பில்லை.

உள்ளே மேடம் இருந்தார். ரஹ்மத், ஜெய்புன்னிசா, நான் மூன்று பேரும் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததைக் கவனித்துவிட்டார்.

"எல்லாம் உங்க வீட்டம்மா பண்ணின வேலைதான்" என்றார். "எங்க அப்பா இருந்தா என்னை வீட்டுக்குள்ளயே சேர்த்திருக்க மாட்டார். சரி, உக்காருங்க. இன்னிக்கு நிதானமா பேசலாம்."

முன்பெல்லாம் நின்றபடி இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். அன்று எதிர்வக்கீல் எப்படியெல்லாம் மடக்குவார் என்று மேடம் ஒவ்வொன்றாகச் சொல்ல, தண்ணீர் குடித்துக் குடித்துக் கேட்டுக்கொண்டான் ரஹ்மத். நடுவில் ஒரு புதுக் குடும்பம் வாசலில் வந்து தயங்கி நின்றது. ஜெய்புன்னிசாதான் எழுந்து போய், இங்கே தேவை என்றால் மட்டும்தான் கூப்பிடுவார்கள், பயப்படாமல் வாருங்கள் என்று உள்ளே அழைத்து வந்தார்.

மறுநாள் ரஹ்மத் கூண்டேறினான். தெரிந்ததைச் சொன்னான், தெரியாததைத் தெரியாது என்றான். லீவு முடிவதற்குள் அவன் சாட்சி முடிந்தது.

நேற்று ஷார்ஜாவிலிருந்து போன். இளவரசி சொல்லியனுப்பினாராம்: அடுத்தது வாதம், அதற்கு வக்கீல் போதும், நீங்கள் வர வேண்டாம்.

"மாப்ள, ஊர்ல எல்லாரும் எப்ப வர்றே, எப்ப வர்றேன்னுதான் கேப்பாங்க. வர வேண்டாம்னு ஒருத்தர் சொல்லி நான் சந்தோஷப்பட்டது இதான்டா மொத தடவ."

கேஸ் இன்னும் முடியவில்லை. ஆனால் மனையில் இருக்கிற கருவேலத்தை வெட்ட இப்போதே ஆள் பார்க்கச் சொல்கிறான். அதற்கு மட்டும் நான் கட்டாயம் வர வேண்டுமாம்.