பனி வந்தால் முனகும் பெட்டி

அந்தப் பெட்டியை நான் யாருக்காகச் செய்தேன்? மகளுக்காகவா, எனக்காகவா? செய்து முடித்து நான்கு மாதம் ஆகிறது. இன்னும் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. யாராவது கேட்டால் "பாப்பாவுக்குத்தான்" என்று சட்டென்று சொல்லிவிடுகிறேன். பிறகு, அவ்வளவு சட்டென்று ஏன் சொன்னேன் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

பெட்டி என்று நான் சொல்வது ஒரு சிந்தசைசரை. சின்னதுதான். அழுத்துவதற்குப் பதின்மூன்று மரக் கட்டைகள், உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு, பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர், பக்கவாட்டில் ஒரு சிவப்பு ஸ்விட்ச். கட்டையை அழுத்தினால் அதற்குரிய சுரம் வரும். கடையில் விற்கும் கீபோர்டு செய்யாத எதையும் இது செய்யாது. ஆனால் சத்தத்தை உண்டாக்கும் சர்க்யூட்டிலிருந்து கட்டைகள்வரை எல்லாமே எங்கள் வீட்டில் செய்தவை.

மகளுக்கு அப்போது மூன்றரை வயது. அவள் சொல்லும் வார்த்தைகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஒன்பது இருந்தன. இரண்டு வார்த்தையைச் சேர்த்து அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அங்கன்வாடி டீச்சர் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாப்பாவுக்குக் காது கேக்குதான்னு பாத்தீங்களாங்க?" என்று கேட்டார். அன்று மாலை முழுவதும் நான் மகளுக்குப் பின்னால் போய் நின்று டம்ளரைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தாள். கடைசியில் அவளும் ஒரு டம்ளரை எடுத்து வந்து, என் பின்னால் நின்று தட்டினாள்.

வேலூரில் டாக்டர் பரிசோதித்துவிட்டுக் காது நன்றாகக் கேட்கிறது என்றார். சில பிள்ளைகளுக்குப் பேச்சு தாமதமாக வரும், நிறையப் பேசுங்கள், பாடுங்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். பேசலாம். பாடுவதுதான் சிக்கல். நான் பாட ஆரம்பித்தால் மகள் வந்து என் வாயைக் கையால் மூடிவிடுவாள்.

நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ். கடைசி வருடத்தில் ப்ராஜெக்டாக ஒரு சிந்தசைசர் செய்வதற்கு சர்க்யூட் வரைந்தேன். அது வேலை செய்யாவிட்டால் மார்க் போய்விடும் என்று பயந்து, தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மணி அடிக்கும் கருவியைச் செய்துவிட்டோம். வரைந்த தாள் மட்டும் சர்ட்டிபிகேட் ஃபைலில் தங்கிவிட்டது. கல்யாணமாகி ஜமுனாமரத்தூருக்கு வந்தபோது அதுவும் என்னோடு மலையேறியது. டாக்டர் "பாடுங்கள்" என்றதும் என் நினைவுக்கு வந்தது அந்தத் தாள்தான். யாருக்காகச் செய்தேன் என்ற சந்தேகத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

என் கணவர் மினி வேன் ஓட்டுகிறார். மலையிலிருந்து சாமையும் புளியும் ஏற்றிக்கொண்டு ஆலங்காயம் போவார். நான் தேவையான பொருள்களை எழுதி அவரிடம் நீட்டினேன்.

"ஏங்க, இதெல்லாம் பார்சல்ல ஆலங்காயம் வரைக்கும்தான் வருமாம். வண்டி போறப்ப வாங்கிட்டு வர்றீங்களா?"

"இன்னாமே இது? மளிகை லிஸ்ட்ட விட நீளமா கீது."

"பாப்பாவுக்கு ஒரு கீபோர்டு செய்யலாம்னு."

"அதுதான் கடையில தொங்குதே. பட்டனை அமுக்கினா நாய் கொலைக்குது, ரயில் கூவுது. ஒண்ணு வாங்கியாரட்டா?"

"அது வெறும் சத்தம்ங்க."

"உனக்குச் செய்யணும்னு ஆசையா கீது. அத்தச் சொல்லு" என்று சிரித்துக்கொண்டே லிஸ்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கம்பியை உருக்கிப் பாகங்களை ஒட்டும் சால்டரிங் வேலையை, மகள் அங்கன்வாடியில் இருக்கும் நேரத்தில்தான் செய்தேன். ஈயம் கலக்காத கம்பியாகப் பார்த்து வரவழைத்தும் மனம் அடங்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தடியில் உட்கார்ந்து செய்வேன். முடிந்ததும் முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவுவேன், புடவையை மாற்றுவேன், கீழே விழுந்த துளிகளைப் பெருக்கி எடுப்பேன். பாதி வேலையில், அடுப்பில் பால் வைத்தேனா என்று எழுந்து போய்ப் பார்ப்பேன். பெரும்பாலும் வைத்திருக்க மாட்டேன்.

கட்டைகளுக்கு, கதவு செய்யும் ஆசாரியிடம் மிஞ்சிய பலா மரத் துண்டுகள் கிடைத்தன. அவற்றை வரிசையாகக் கோக்க சைக்கிள் வீலின் கம்பி. அழுத்திய கட்டை மேலே எழும்ப பேனாவில் இருக்கும் ஸ்பிரிங். பதின்மூன்று பேனாவுக்கு எங்கே போவது? கணவர் ஜெராக்ஸ் கடையில் சொல்லி வைத்து, தீர்ந்துபோன பேனாக்களை ஒரு பை நிறைய வாங்கி வந்தார். "எதுக்குன்னு கேட்டாங்க. என் பொண்டாட்டி பரிட்சை எழுதறான்னு சொல்ட்டேன்" என்றார்.

மின்சாரம் ஓடும் இடத்துக்குச் செம்புத் தகடு வேண்டியிருந்தது. அதைக் கொடுத்தவர் என் மாமியார். காட்டு வேலை முடிந்து வந்தவர், நான் கை மீது கை வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"இன்னாமே மூஞ்சி இப்டி கீது?"

"செம்புத் தகடு வரலைங்க அத்தை. வேற எதோ அனுப்பிட்டாங்க."

"அதுக்கா இப்டி உக்காந்துகினு கீற? ஓட்ட சொம்பு ஒண்ணு பரண்மேல கீது. வெட்டிக்க. தண்ணிதான் நிக்கல, உன் பாட்டாவது நிக்கட்டும்."

சொம்பை வெட்டித் தட்டி நீட்டி, நீளமான ஒரு பட்டையாக்கினேன். கட்டைகளுக்கு அடியில் இருக்கும் பலகையில் அதைப் பதித்தேன். பட்டைக்குப் பக்கத்தில், ஒரு நெல் அளவு இடைவெளி விட்டு, கட்டைக்கு ஒன்றாகப் பதின்மூன்று பித்தளை ஸ்க்ரூ. கட்டையை அழுத்தினால் அதன் அடியில் இருக்கும் சின்னத் தகடு பட்டையையும் ஸ்க்ரூவையும் சேர்த்துத் தொடும். தொட்டால் சத்தம். தொடாவிட்டால் நடுவில் இருப்பது வெறும் மரம், சத்தம் வராது. இதுதான் கணக்கு.

நான் செய்த தவறும் அங்கேதான். பட்டையைப் பதித்து முடித்தது ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். விளக்கு தேய்க்கும் நாள். புளியும் உப்பும் வைத்துக் குத்துவிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பலகை. பட்டை கறுத்துக் கிடந்தது. செம்பு கறுத்தால் என்ன செய்வோம்? கையில் இருந்த புளியால் அதையும் நன்றாகத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. ஈரத் துணியால் துடைத்து வெயிலில் வைத்தேன். கல்லூரியில் இதை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால்தான் துடைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று வருடம் லேபில் அப்படித்தான் செய்தேன். அன்று கை மருமகளின் கையாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆவணியில் பெட்டி முடிந்தது. போனில் ஒரு ஆப் வைத்து ஒவ்வொரு சுரத்தையும் சரி பார்த்தேன். முதல் கட்டையை மாமியார்தான் அழுத்தினார்.

"ஆட்டுக்குட்டி அம்மாவத் தேடறாப்ல கீது" என்றார். இரண்டாவதை அழுத்தினார். "இது பெரிய ஆடு."

மகள் இரண்டு கட்டைகளை அழுத்திவிட்டுப் போய்விட்டாள். அவளுக்குப் பிடித்தது சிவப்பு ஸ்விட்ச் மட்டும். போடுவாள், அணைப்பாள். நான் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து ச ரி க ம வாசித்தேன். அவள் எழுந்து கோழி பார்க்கப் போனாள். நோட்டில் ஒன்பது வார்த்தைகள் பத்தாயின. பத்தாவது "கோழி".

அப்போது என்மீது எனக்கே கோபம். இத்தனை நாள் பலா மரத்தடியில் உட்கார்ந்த நேரத்தில் அவளோடு பேசியிருக்கலாமே என்று தோன்றியது. டாக்டர் சொன்னதில் பேசுங்கள் என்பதும் இருந்ததே.

ஐப்பசி கடைசியில் பனி இறங்க ஆரம்பித்தது. ஒருநாள் காலை அடுப்படியில் இருந்தபோது, முன்னறையில் வண்டு ஒன்று சுற்றுவதுபோல ம்ம்ம் என்று சத்தம். போய்ப் பார்த்தால் பெட்டி. மகள் எழுந்ததும் முதல் வேலையாக ஸ்விட்சைப் போட்டிருக்கிறாள். எந்தக் கட்டையையும் யாரும் தொடவில்லை. பெட்டி தானாக முனகிக்கொண்டிருந்தது.

அன்றே சத்தத்தை உண்டாக்கும் ஐ.சி.யை மாற்றினேன். மறுநாளும் முனகியது. பேட்டரியை மாற்றினேன். சால்டர் வைத்த இடங்களையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒன்பது மணிக்கு மேல் சோதித்தால் எந்தக் குறையும் இல்லை. காலையில் மட்டும் இப்படி. பனி இல்லாத காலையில் அதுவும் இல்லை. இதைக் கவனிக்க எனக்கு ஐந்து நாள் ஆயிற்று.

பலகையைக் கழற்றினேன். பட்டையின் ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பச்சை இல்லாத இடத்தில் மரத்தை விரலால் தேய்த்து நாக்கில் வைத்தேன். உப்பு, அதற்குப் பின்னால் லேசான புளிப்பு. உடனே பயந்து நான்கு முறை வாய் கொப்பளித்தேன். ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. ஆடியில் தேய்த்த புளியும் உப்பும் மரத்துக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கின்றன. பனி வந்தால் உப்பு ஈரத்தை இழுக்கிறது. ஈரம் வந்தால் பட்டைக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவில் மரத்தின் வழியாகவே கொஞ்சம் கரண்ட் கசிகிறது. ஒரு மருமகள் வெள்ளிக்கிழமை செய்த வேலை, கார்த்திகையில் பாடிக்கொண்டிருந்தது.

சுத்தம் செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்து, பலகையைத் திரும்ப மாட்டி வைத்தேன். மறுநாள் காலை ஸ்க்ரூ டிரைவரோடு முன்னறைக்கு வந்தேன். வாசல் தெரியாத அளவு பனி. மகள் பெட்டியின்மேல் காதை வைத்துப் படுத்திருந்தாள். ம்ம்ம் என்று இரண்டு குரல் கேட்டது. ஒன்று பெட்டியுடையது. மற்றொன்று அவளுடையது. ஒரே சுரத்தில்.

நான் அப்படியே நின்றேன். வெயில் ஏற ஏற மரம் காய்ந்தது. சத்தம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. அவள் குரலும் கூடவே இறங்கியது. அவளால் இறங்க முடியாத இடம் வந்ததும் நிறுத்திவிட்டுக் கேட்டாள். முனகல் தனித்தனித் தட்டல்களாகப் பிரிந்தது. டொக், டொக், டொக். இடைவெளி கூடியது. டொக். பிறகு ஒன்றுமில்லை.

மகள் என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

"பொட்டி தூங்குது" என்றாள்.

அடுப்படி வாசலில் பாத்திரம் வைக்கும் சத்தம். "இப்ப யாரு பேசினது? நீயா?" என்று மாமியார் கேட்டார். நான் இல்லையென்று தலையாட்டினேன். ஸ்க்ரூ டிரைவரை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். ஏன் மறைத்தேன் என்று தெரியவில்லை.

அதன் பிறகு நோட்டில் இடம் போதவில்லை. "பனி வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் எழுகிறாள். பெட்டி தூங்கினால் அதற்குத் துணி போர்த்துகிறாள். "கோழி கத்தாத, பொட்டி தூங்குது" என்று வாசலில் போய்ச் சொன்னாள். கோழி கேட்கவில்லை. டீச்சர் மறுபடியும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாப்பா கொஞ்சம் அமைதியா இருந்தா பாட்டு சொல்லித் தரலாம்ங்க" என்றார்.

இதற்குக் காரணம் நானா என்றால், வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மாமியார், தான் வேண்டிக்கொண்டதுதான் பலித்தது என்கிறார். கணவரோ, தான் அவளை வேனில் முன் சீட்டில் உட்கார வைத்து ஊர் ஊராகப் பெயர் சொல்லிக்கொண்டு போனதால்தான் என்கிறார். ஆறு மாதம் கழித்து வேலூர் போனபோது டாக்டர், "வர வேண்டிய நேரத்துல வந்திருக்கு" என்று சிரித்தார். நான் பெட்டியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

இப்போது என் சிக்கல் வேறு. பச்சை பரவிக்கொண்டே போகிறது. கடைசி மூன்று கட்டைகள் சரியாகத் தொடுவதில்லை. அதைவிட, மகள் கட்டை இடுக்கில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு அதே விரலை வாயில் வைக்கிறாள். இப்போதைக்கு இடுக்கை டேப்பால் மூடியிருக்கிறேன். தினமும் அதைப் பாதி உரித்து வைக்கிறாள்.

"பச்ச புடிச்ச பாத்திரத்துல நாம தண்ணிகூட குடிக்கமாட்டோம். கழட்டித் தேய்ச்சு வெச்சிடு" என்கிறார் மாமியார்.

"அத்தத் தேய்ச்சா பொட்டி பாடாதும்மா. பேசற வாய எதுக்குக் கெடுக்கறீங்க? வுடுங்க" என்கிறார் கணவர்.

"பொட்டி வாய மூடினா உம் பொண்ணும் மூடிக்குமா நைனா? அது உன்னாட்டம். இனிமே நிக்காது" என்று மாமியார் மகனை மடக்குகிறார்.

இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகவே படுகிறது. பட்டையைக் கழற்றி, மரத்தைச் சுரண்டிக் கழுவி, வார்னிஷ் அடித்தால் பெட்டி நான் வரைந்த தாளில் இருப்பதுபோலச் சரியாக வேலை செய்யும். ஆனால் மறுநாள் பனியில் அவள் காதை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்பாள். நான் என்ன சொல்வது? பனியில் முனகுவதற்கென்றே, உள்ளே மூடிய இடத்தில், உப்பு தேய்த்த மரத்துண்டு ஒன்றைத் தனியாக வைக்கலாம் என்றும் யோசித்தேன். அது அவளை ஏமாற்றுவதாகுமா? அல்லது பங்குனியில் பனி தானாக நிற்கும்வரை டேப்பை ஒட்டிக்கொண்டே காலம் தள்ளலாமா?

இதை எழுதும் இன்று வியாழன். நாளைய விளக்குக்குப் புளி எடுத்து வைத்துவிட்டேன். வார்னிஷ் டப்பாவும் அலமாரியில் இருக்கிறது, திறக்கவில்லை. பிள்ளை வளர்த்தவர்களோ, செம்புப் பட்டையோடு மல்லுக்கட்டியவர்களோ இதைப் படித்தால், நான் என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள். பச்சையை எடுத்துவிட்டு முனகலை மட்டும் வைத்துக்கொள்ள வழி தெரிந்தவர்கள் இருந்தால், அவர்கள் முதலில் எழுதுங்கள்.