சர்ரக்காவின் மேல்தாடை

தேயிலைக் கிடங்கில் அவளை எல்லோரும் சர்ரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாக அவளுக்கு வேலை, தேநீர் ருசி பார்ப்பது. மேசை மேல் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, காற்றோடு சேர்த்துச் சர்ர்ர் என்று உறிஞ்சி, நாக்கில் ஒரு சுற்றுச் சுழலவிட்டு, பக்கத்துத் தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போவாள். அந்தச் சத்தம் மாடிப்படி வரை கேட்கும். வீட்டில் எதைக் குடித்தாலும் அதே சத்தம்தான். கல்யாணமான புதிதில் அவளை விருந்துக்குக் கூட்டிப்போகக் கணவர் கூசியதுண்டு.

மேல்வரிசையில் வலப்பக்கக் கடைவாய்ப் பல் இரண்டும் போய்ப் பதினோரு வருடம். ஒரு பக்கமாகவே மென்று காலத்தை ஓட்டியிருந்தாள். அந்தப் பக்கமும் வலிக்க ஆரம்பித்த பிறகுதான் பல் டாக்டரிடம் போனாள். செயற்கைப் பல்லுக்குத் திருகு பதிக்க அங்கே எலும்பே போதவில்லை, முதலில் எலும்புத் தூள் வைத்துத் தைக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. தைத்து முடித்து, அவளுக்குப் பாதி முகம் மரத்துக் கிடந்தபோது, செய்யக் கூடாதவற்றைச் சொல்லிக்கொண்டே போனார். சூடாக எதுவும் கூடாது. மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். வேகமாகத் துப்பக் கூடாது. ஒரு மாதத்துக்கு எதையும் உறிஞ்சக் கூடாது; உறிஞ்சினால் வைத்த தூள் இடம் பெயர்ந்துவிடும்.

சர்ரக்கா சற்று யோசித்தாள். "டாக்டர், கூடாதுன்னு நீங்க சொன்னதுல பாதி என் வேலைங்க," என்றாள்.

மூன்றாம் நாள் கன்னம் பூசணி மாதிரி வீங்கியது. இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தபடியே தூங்கினாள். கணவர் சோற்றைக் குழைய வேகவைத்து, ஆறவைத்துக் கொடுத்தார். உப்புத் தண்ணீரைக் கொப்பளிக்காமல் வாயில் வைத்திருந்து, தலை குனிந்து தானாக வழியவிட்டாள். வாயில் மணல் மாதிரி இரண்டொரு துகள் தட்டுப்பட்டதும் பதறிப்போய் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். கொஞ்சம் வருவது வழக்கம்தான் என்று அவர் சொன்ன பிறகே மூச்சு வந்தது. தையல் பிரித்த மறுநாளே வேலைக்குப் போனாள். கிடங்கு முழுக்கத் தேயிலைத் தூசி. அவள் ஆவென்று வாயைப் பிளந்து தும்மியதைப் பார்த்து மூட்டை இறக்குகிறவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், பாதி வாயால்.

மூன்றாவது வாரம் பெரிய சரக்கு வந்தது. பதினான்கு மாதிரிகள். மேனேஜருக்கு அன்றைக்கே முடிவு தெரிய வேண்டும். ஒரே ஒரு கரண்டி, மெதுவாக, சத்தமில்லாமல் என்று கெஞ்சிப் பார்த்தார்.

"சத்தமில்லாம குடிச்சா அது தாகத்துக்குக் குடிக்கிறது சார். காத்தும் சேர்ந்து உள்ள போனாத்தான் எனக்கு ருசி பிடிபடும். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி கையெழுத்துப் போட மாட்டேன்."

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவுமில்லை. காய்ந்த இலையை உள்ளங்கையில் பரப்பி நிறம் பார்த்தாள். ஊறிய இலையை மெல்ல மோந்தாள். பதினொரு மாதிரிகளுக்குத் தன் கருத்தைச் சொன்னாள். மீதி மூன்றும் தனக்குத் தெரியவில்லை என்று தள்ளிவைத்தாள். எல்லாவற்றையும் மீசைக்காரர் ஒருமுறை குடித்துப் பார்க்கட்டும் என்றாள்.

மேனேஜருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. மீசைக்காரர் எதிர் மேசையில் ருசி பார்ப்பவர். ஒன்பது வருடமாக இருவருக்கும் ஏழாம் பொருத்தம். அவர் நல்லது என்றால் இவள் நொட்டை சொல்வாள். இவள் நல்லது என்றால் அவர் பேசாமல் மீசையைத் தடவுவார்.

அவர் பதினான்கையும் குடித்தார். அவள் சொன்னவற்றில் பத்துக்கு ஒத்துக்கொண்டார். அவள் நல்லது என்ற ஒன்றை மட்டும் வேண்டாம் என்றார். ருசியின் கடைசியில் புகை வாடை அடிக்கிறதாம். சர்ரக்காவுக்குச் சுருக்கென்றது. சண்டைக்கு வாய் துடித்தது. குடித்துப் பார்க்காதவளுக்கு என்ன பேச்சு என்று அடக்கிக்கொண்டாள். அந்த மாதிரியில் ஒரு பிடி எடுத்து டப்பாவில் மூடிவைத்தாள்.

இனி உறிஞ்சலாம் என்று டாக்டரம்மா சொன்ன மறுநாள், முதல் வேலையாக அதைத் திறந்து தேநீர் போட்டாள். உறிஞ்சினாள், துப்பினாள். சந்தேகம் தீர இன்னொரு கரண்டி. பிறகு எல்லோரும் பார்க்க எதிர் மேசைக்குப் போனாள்.

"அண்ணே, புகை இருக்கு. அன்னிக்கு எனக்குப் படல, உங்களுக்குப் பட்டிருக்கு."

மீசைக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். "குடிச்சிருந்தா நீங்களும் அன்னிக்கே சொல்லியிருப்பீங்கம்மா," என்றார். ஒன்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து அவளைப் பற்றி வந்த முதல் நல்ல வார்த்தை அது.

ஐந்தாவது மாதம் எக்ஸ்ரே எடுத்தபோது எலும்பு நன்றாகப் பிடித்திருந்தது. சொன்னதைச் சொன்னபடி கேட்கிற ஆட்கள் அபூர்வம் என்று டாக்டரம்மா மெச்சினார். கேட்டுக்கொண்டிருந்த கணவர், என்னவோ தன் எலும்பு மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். திருகைப் பதித்தார்கள். அதை எலும்பு இறுகக் கவ்விக்கொள்ள மூன்று மாதம் ஆகும், அதற்குப் பிறகுதான் மேலே பல். இந்த முறையும் சில நாள் உறிஞ்சக் கூடாது. சர்ரக்கா தன் மேசையை எதிர் மேசையோடு சேர்த்து நகர்த்திவைத்தாள். அவள் மோந்து சொல்வதும் மீசைக்காரர் குடித்துச் சொல்வதும் ஒரே தாளில் ஏறின. பல் வைக்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. இப்போது அவள் தாராளமாக உறிஞ்சலாம், ஆனாலும் மேசைகளைப் பிரிக்கும் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.