கஞ்சா கேஸை அழிக்கக் கேட்ட மனு

என் கணவருக்கு, பர்மாவில் எங்கள் நகருக்கு அடுத்திருந்த தன்லியின் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் வீட்டில் பாயசம் வைத்தேன். முதல் மாதம் முடிவதற்குள் போலீஸ் சான்று கேட்டார்கள். சான்றில் பழைய கஞ்சா கேஸ் இருந்தது. வேலை போயிற்று.

அந்தக் கேஸ் எங்கள் கல்யாணத்துக்கு முந்தியது. கூட்டாளிகளோடு ரயிலடியில் நின்றபோது அவர் சட்டைப்பையில் ஒரு சிறு பொட்டலம் அகப்பட்டது. சில வருடம் இன்சீன் சிறையில் இருந்துவிட்டு வந்தார். அதன் பிறகு பீடிகூடத் தொட்டதில்லை. ஆனாலும் எங்கே வேலைக்குப் போனாலும் கேஸ் அவருக்கு முன்னால் போய் நின்றது.

எங்கள் தெருவில் ஒரு கிறிஸ்தவ டீச்சர் இருந்தார். அவர் மகனுக்கும் அதே கேஸ், அதே கதி. தண்டனையை அனுபவித்து முடித்தவர்களின் கஞ்சா கேஸ்களைப் பதிவிலிருந்து எடுத்துவிடும்படி ஊராரே சேர்ந்து மனுக் கொடுக்கலாம் என்றார். பர்மிய மொழியில் அவரே எழுதினார். ராணுவ ஆட்சியில் கூட்டம் கூட முடியாத காலம் அது. நாங்கள் இருவரும் சந்தைக்குப் போகிறவர்கள் போலக் கூடையோடு வீடு வீடாகப் போனோம். சிலர் கதவைப் பாதி திறந்து கேட்டுவிட்டு மூடிக்கொண்டார்கள். ஆனால் தையற்கடைக்காரர் கையெழுத்துப் போட்டார். தேநீர்க்கடை வைத்திருந்த பர்மிய அம்மாளும் போட்டார். தாள் நிறைந்தபோது என்னாலேயே நம்ப முடியவில்லை.

எங்கள் வட்டாரத்துப் பேட்டை அலுவலகத்தில் இருவரும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அங்கிருந்த தலைவர் மனுவைப் படிக்கவில்லை. கையெழுத்துகள் இருந்த தாளைத்தான் வெகுநேரம் பார்த்தார். கேஸை அழிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, மேலே யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை என்று பர்மியத்தில் சொன்னார். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டார்.

“இத்தனை பேரைச் சேர்த்தது யார்?”

“நான்தான்,” என்றார் டீச்சர்.

மனுவைத் தலைவர் திருப்பித் தரவில்லை.

மறுநாளே கையெழுத்துப் போட்டவர்கள் பயந்துபோய் ஒவ்வொருவராக வந்து தங்கள் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். தேநீர்க்கடை அம்மாள் வாசலில் நின்று அழுதார். தாள் எங்களிடம் இல்லை என்றோம். யாரும் நம்பவில்லை. டீச்சரிடம் டியூஷன் படித்த பிள்ளைகள் வருவதை நிறுத்தினார்கள். அவர் மகன் வேலை தேடித் தாய்லாந்து எல்லைப் பக்கம் போனான். அவனிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. என் கணவர் படகுத்துறையில் மூட்டை தூக்கப் போனார். அங்கே யாரும் சான்று கேட்பதில்லை.

மழை ஓய்ந்த பிறகு டீச்சர் மறுபடி வந்தார். நகரின் நடுவே கியாக்டடாவில் இருக்கும் பெரிய அலுவலகத்துக்கே நேராகப் போய்ப் பார்க்கலாம் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் பேசினார்.

“வேணாங்க டீச்சர். இப்ப மூட்டையாவது தூக்குறேன். அங்க போயி நின்னா இன்னொரு கேஸும் சேத்து எழுதுவாங்க.”

“எம் மவன் திரும்பி வந்தா அவனுக்கு ஒரு வேலை வேணாமா தம்பி?”

என் கணவர் மூட்டை உரசிப் புண்ணான தோளில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். டீச்சர் எழுந்தார். நான் அவரைத் தெருமுனைவரை கொண்டுபோய் விட்டேன்.