சூரன் வதை படித்த ஐப்பசி

மூச்சாய் உட்புகுந்து உயிராய் நிற்கும் வேலவனே, இந்த எளிய சொற்களுக்கு நீயே துணை. உன் திருவடி பணிந்து தொடங்குகின்றேன்.

ஐப்பசிக் காலைகளில் எங்கள் ஊரான உடப்பின் கடற்கரையில் ஈர மணலும் காயாத கருவாடும் ஒன்றாக மணக்கும். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓய்ந்து, மழை கொண்டுவரும் வாடை திரும்பும் நாட்கள்... மற்றவர்கள் வானத்தைப் பார்த்து மழையை அறிவார்கள். நான் என் நெஞ்சைக் கேட்டு அறிவேன். உள்ளே பூனைக்குட்டி முனகுவது போல ஓர் ஒலி எழும். தொய்வு, அதாவது ஆஸ்துமா, வந்துவிட்டது என்று பொருள்.

அப்போது நான் சங்கக்கடையில், கூட்டுறவுப் பலசரக்குக் கடையில், வேலைக்குச் சேர்ந்த புதிது. கோதுமை மா மூட்டையை அவிழ்த்தால் தும்மல். மழை இருட்டினால் இழுப்பு. சிலாபத்து வைத்தியர் ஒரு பம்ப் தந்திருந்தார். அதை வாயில் வைத்து அழுத்தி உள்ளே இழுத்தால் சற்று நேரத்தில் நெஞ்சு திறக்கும்.

ஆனால் ஐப்பசியில்தான் கந்தசட்டி விரதமும் வரும். கோயிலில் புராணப் படிப்பும் நடக்கும்.

இக்காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்... புராணப் படிப்புக்கு இருவர் வேண்டும். ஒருவர் செய்யுளை இராகத்தோடு பாடுவார். மற்றவர் பயன் சொல்வார், அதாவது பொருளை விரித்துரைப்பார். நான் பாடுபவன். பயன் சொல்பவன் என் மச்சான் மாரிமுத்து. கரையில் நின்று இழுக்கும் கரைவலைக்குச் சொந்தக்காரனான சம்மாட்டி, அலையை மீறிக் கேட்கும் குரல் அவனுக்கு.

அந்த ஆண்டுதான் சூரன் வதையைப் பாடும் பேறு முதன்முதலாக எனக்கு வாய்த்தது. படிப்பு முடிந்த பின்னரே வீதியில் சூரன் உருவம் போருக்கு எழும். இடையில் படிப்பு நின்றுவிட்டால் ஊருக்கு ஆகாது என்று பெரியவர்கள் அஞ்சுவார்கள்.

விரத காலத்தில் வாயில் எதுவும் படக்கூடாது என்பது என் பிடிவாதம். பம்பையும் அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். என் மனைவி பவளம், போர்க்காலத்தில் வன்னியிலிருந்து வந்து எங்கள் ஊரில் குடியேறிய வீட்டுப் பெண். அவளுக்கு இது பொறுக்கவில்லை.

"மருந்து என்ன சோறே? உங்கட மூச்சையும் விரதம் இருக்கச் சொல்லி முருகன் சொன்னவரோ?"

"நீ சும்மா இரு. விரதமெண்டா விரதம்தான்."

"ஓம் ஓம்... சூரனுக்கு முதல் நீங்கள் விழுந்திடாதேங்கோ."

படிப்புத் தொடங்குமுன் ஏட்டுக்குச் சாம்பிராணித் தூபம் காட்டுவது வழக்கம். நான் ஆசையோடு முகரும் மணம் அது. அன்று வெளியே மழை. சனம் முழுவதும் மண்டபத்துக்குள் ஒதுங்கி நின்றது. புகைக்கு வெளியேற வழியில்லை.

சில செய்யுட்கள் பாடுவதற்குள் நெஞ்சில் யாரோ கயிறு கட்டி இறுக்குவது போலாயிற்று. சூரன் நடுக்கடலில் மாமரமாகி நின்ற செய்யுளைப் பாடினேன். கடைசிச் சீரில் குரல் அறுந்தது. அடுத்தது வேல் விடும் செய்யுள்... அதற்கு என்னிடம் மூச்சில்லை.

மாரிமுத்து என் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்தான். எப்போதும் சுருக்கமாகப் பயன் சொல்பவன், அன்று சம்மணத்தைச் சரிசெய்துகொண்டான்.

"சபையோரே, மாமரமெண்டா சும்மா மாமரமா? நடுக்கடல்ல வேர் ஓடிக் கிடக்கு! நம்மட கரைவலை அதில மாட்டினா என்ன கெதி? யோசிச்சுப் பாருங்க!"

வலையிலிருந்து நீரோட்டத்துக்குப் போனான். நீரோட்டத்திலிருந்து நங்கூரத்துக்கு. சபை முதலில் சிரித்தது, பிறகு நெளிந்தது. பின்னால் நின்ற ஒரு பெரியவர் பொறுமை இழந்தார்.

"டேய் மாரிமுத்து! சூரன் மரமா நிண்டு பூத்து, காய்ச்சு, பழுத்தும் போச்சுடா! வேலை விடச் சொல்லு!"

"பொறுங்க மாமா, பழுத்ததில ஒரு கூடை உங்களுக்கும் பறிச்சுத் தாறன்!"

அந்தச் சிரிப்புக்குள்ளும் எனக்கு மூச்சு வரவில்லை. கண் இருண்டுகொண்டு வந்தது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து பவளம் எழுந்தாள். சபையை ஊடறுத்து நேரே வந்தாள். சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து, அலுமாரியிலிருந்து எடுத்து வந்திருந்த பம்பை என் கையில் வைத்தாள்.

"அடியுங்கோ. பாவமெண்டால் அது எனக்கு வரட்டும்."

மூலஸ்தானத்தை ஒருமுறை பார்த்தேன். அவன் புகழைப் பாடுவதற்கல்லவா மூச்சு... முகத்தைத் திருப்பி மருந்தை உள்ளே இழுத்தேன். சபை முழுவதும் என்னையே பார்த்தது. மாரிமுத்து மட்டும் மாங்கொப்பில் சிக்கிய பாரைமீனைப் பற்றி விடாது பேசிக்கொண்டிருந்தான்.

கயிறு மெல்லத் தளர்ந்தது. அவன் முழங்காலைத் தொட்டேன். பாரைமீனைப் பாதியில் விட்டான்.

"இனி வேல் வருது. கேளுங்க."

முழுச் செய்யுளையும் ஒரே வீச்சில் பாடும் வலு எனக்கு இல்லை. ஓர் அடி பாடி மூச்செடுப்பேன். அந்த அடிக்கு அவன் பயன் சொல்வான். பின்பு அடுத்த அடி... அப்படியே வேல் பாய்ந்தது. சூரன் சேவலும் மயிலுமானான். வீதியில் பறை முழங்கியது.

திருநீறு வாங்க வந்தபோது அந்தப் பெரியவரே சொன்னார்: "இந்த வருசம்தான் தம்பி, படிப்பு நல்லா விளங்கிச்சு!"

அதற்குப் பின் எந்த விரதத்திலும் நான் மருந்தை விட்டதில்லை. இந்நோயோடு நோற்கும் அன்பர்களும் வைத்தியர் சொல்லைக் கேட்டே நோற்க வேண்டுகிறேன்.

இப்போது காலையும் மாலையும் இழுக்கும் மருந்து இருக்கிறது. வாடை திரும்பினாலும் நெஞ்சு பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். மாரிமுத்து இறைவனடி சேர்ந்துவிட்டான். கோயிலில் ஒலிப்பதிவு செய்த படிப்பை ஒலிபெருக்கியில் போடுகிறார்கள். குறை சொல்ல முடியாத குரல், எங்கும் தடுமாறாது. பவளமும் நானும் வாசலில் கதிரை போட்டுக் கேட்டுக்கொண்டிருப்போம்.

மாமரச் செய்யுள் முடிந்த கணமே வேல் வந்துவிடுகிறது... அந்த இடத்தில் மாரிமுத்து ஏதாவது சொல்வான் என்று என் காது மட்டும் இன்னும் சற்றே காத்து நிற்கிறது.

இதை வாசிக்கும் உங்கள் இல்லத்தில் எவருக்கும் மூச்சு முட்டாதிருக்கட்டும். முட்டும் வேளையில் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும். உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் வேலவன் காத்தருள்வானாக.