தயா அண்ணை பாடாமல் விட்ட இடம்

தயா அண்ணை போய்விட்டார். காலையில் அவரின் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டிருந்தான்... "அப்பா இண்டைக்கு விடிய மோசம் போயிட்டார், அன்ரி."

உங்களில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. ஆனால் 'முனைக் காத்து' தெரியும்... டொரோண்டோவில் எந்தக் கலியாணத்திலும் சாப்பாடு முடிந்ததும் டிஜே போடுகிற முதல் பாட்டு. அதைக் கட்டிப் பாடியவர் தயா அண்ணை.

எழுபதுகள். பருத்தித்துறை. கப்பலில் வேலை செய்த ஒருவர் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் சோல் இசை ரெக்கோட் நாலைந்து கொண்டுவந்து கொடுத்தார். தயா அண்ணை அவற்றைத் தேயத் தேயக் கேட்டு, அந்த பீட்டில் எங்கள் தமிழில் ஒரு ஆட்டப் பாட்டுக் கட்டினார்.

ஒரு கிட்டார், ஒரு ட்ரம்ஸ், பள்ளிக்கூட பாண்டில் ட்ரம்பெட் ஊதிய ஒருவர். கை தட்ட என் அண்ணன் மோகன்.

மோகனுக்கு வாத்தியம் ஒன்றும் தெரியாது. பெரியப்பாவின் வள்ளத்தில் மீன்பிடி தொழிலுக்குப் போகிறவன். ஆனால் தாளம் பிசகாது.

கொழும்பில் ரெக்கோடிங். ஸ்டூடியோ கொடுத்தது ஒரு மணித்தியாலம். பாட்டின் நடுவில் எல்லாம் நின்று, நாலு கைதட்டு மட்டும் வரும் ஓர் இடம்... அதில் மோகன் தன்னை மறந்து கத்திவிட்டான். "எழும்பு மச்சான், எழும்பு."

திரும்ப எடுக்க நேரம் இல்லை. அப்படியே விட்டார்கள். தயா அண்ணைக்குச் சரியான கோபம். யாழ்ப்பாணம் வரும்வரை ரயிலில் அவனோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

பாட்டு ரேடியோவில் வந்ததும் சனம் பிடித்துக்கொண்டது அந்தக் கத்தலைத்தான். சந்தையில், பஸ்ஸில், எங்கே போனாலும் யாராவது "எழும்பு மச்சான்" என்பார்கள். மோகனுக்குத் தலைகால் தெரியாது... "பாட்டு தயா அண்ணையின்ரை. ஹிட் என்ரை."

அந்த வருஷ மாரி மழைக்குள் கடலில் வள்ளம் கவிழ்ந்தது. மற்ற இரண்டு பேரும் நீந்தி வந்தார்கள். மோகன் வரவில்லை. உடலும் வரவில்லை.

அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் ரேடியோவில் பாட்டு வந்தது... அந்த இடமும் வந்தது. அம்மா எழும்பி உட்கார்ந்தார். "கேட்டியே பிள்ளை, அவன் கதைக்கிறான்." அன்றுதான் ஒரு வாய் சோறு சாப்பிட்டார்.

அடுத்து நான் செய்ததை இன்றுவரை ஒருவருக்கு மட்டுமே சொல்லியிருக்கிறேன். அந்தப் பாட்டைப் போடச் சொல்லி ரேடியோவின் நேயர் விருப்பத்துக்குத் தபாலட்டை எழுதத் தொடங்கினேன். தெல்லிப்பழை கமலா, வட்டுக்கோட்டை நண்பர்கள்... எல்லாம் நான்தான்.

எனக்குப் பதினெட்டு வயது. அம்மா சாப்பிட வேண்டும்... அவ்வளவுதான் யோசித்தேன்.

அம்மா சாப்பிட்டார். ஆனால் மோகனுக்கும் சோறு போட்டு மூடி வைக்கத் தொடங்கினார்.

முப்பத்தோராம் நாள் வந்தது. உடல் இல்லாவிட்டாலும் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை செய்யலாம் என்று ஐயர் சொன்னார். பெரியப்பா வேட்டி சால்வையோடு வந்து வாசலில் நின்றார்.

"ஆருக்கு அந்தியேட்டி? நேற்றும் கதைச்சவன். கதைக்கிற பிள்ளைக்கு நான் கடமை செய்யமாட்டன்." அம்மா அசையவில்லை.

நான் பயந்துபோனேன். தயா அண்ணையிடம் ஓடிப்போய்த் தபாலட்டைக் கதை முழுவதையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன்... "அதை என்னோடை விடு. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

அன்று பின்னேரம் கிட்டாரோடு வந்தார். "அம்மா, அந்தப் பாட்டை உங்களுக்குப் பாடிக் காட்டட்டோ?"

"ஓம் தம்பி, பாடும்." அம்மாவின் முகத்தில் சிரிப்பு. கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டுக்கொண்டார்.

பாடினார். அந்த இடம் வந்ததும் உள்ளங்கையால் கிட்டார்க் கம்பிகளை அமத்திப் பிடித்தார். நாலு தட்டு நேரம்... ஒன்றும் இல்லை. கடல் இரைச்சல் மட்டும்.

அம்மா வாசல் படலையைப் பார்த்தார். "இன்னொருக்காப் பாடும்."

மறுபடியும் பாடினார். மறுபடியும் அந்த நாலு தட்டு. மூன்றாம் தரம் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "காணும் தம்பி... அவன் இல்லை."

அந்தக் கிழமையே கீரிமலைக்குப் போனோம். அம்மா அழவில்லை. தயா அண்ணைதான் நனைந்த வேட்டியோடு கேணிக் கட்டில் குந்தியிருந்து அழுதார். "ரயிலிலை அவனோடை கதைக்காமல் வந்திட்டனே, தங்கச்சி."

பிறகு நான் தபாலட்டை எழுதவில்லை. அம்மா சாகும்வரை தயா அண்ணை அதைப் பற்றி மூச்சு விடவுமில்லை.

பிறகு எந்த மேடையில் பாடினாலும் அந்த இடத்தில் நாலு தட்டு நேரம் நிறுத்துவார். சனம் அதை ஸ்டைல் என்று நினைத்தது... ஆடுகிறவர்கள் ஆடின நிலையிலேயே அப்படியே நிற்பார்கள். இப்போதைய ரிமிக்ஸிலும் அந்த இடம் வெறுமைதான்.

இங்கே கலியாண ஹோல்களில் சின்னப் பிள்ளைகளும் அப்படி நின்று சிரிக்கிறார்கள். நான் மட்டும் அந்த நேரம் கதவைப் பார்ப்பேன். இத்தனை வருஷமாக... ஒவ்வொரு கலியாணத்திலும்.

முதல் ரெக்கோட்டை யாரோ யூடியூபில் போட்டிருக்கிறார்கள். அதைத் திறக்க எனக்கு ஒருநாளும் துணிவு வந்ததில்லை. இன்று திறந்தேன்.

தயா அண்ணை பாடினார். அந்த இடம் வந்தது. மோகன் கத்தினான்... என்ரை பேரனை விடச் சின்னப் பெடியனின் குரல்.

தயா அண்ணை, அவனைக் கண்டால் இனியாவது கதையுங்கோ.

போயிட்டு வாங்கோ.