துரை பங்களாவை அழித்தவள்

நவமணி மலேசியாவில் ஈஜோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். 1988இல் அவளுக்குக் கோலாலம்பூரில் ஒரு கம்பெனியில் வேலை. ராணுவ விமானிகள் தரையில் உட்கார்ந்தபடியே பறக்கப் பழகும் இயந்திரத்துக்கு, ஊர்களைக் கணினியில் வரைந்து கொடுக்க வேண்டும். வரைபடத்தை மேசையில் ஒட்டி, ஒவ்வொரு கட்டடத்தின் மூலையையும் தொட்டுத் தொட்டு ஏற்றினால் திரையில் அது பெட்டியாக எழுந்து நிற்கும். பெட்டியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் பாலிகன் என்று பெயர். பாலிகன் அளவுக்கு மிஞ்சினால் படம் திக்கித் திணறும்.

ஒருநாள் அவளுடைய தோட்டமே அவள் மேசைக்கு வந்தது. மேட்டில் துரை பங்களா, கீழே ஆறு லயங்கள். மூன்றாவதில் அம்மா இன்னும் இருக்கிறாள். எல்லாவற்றையும் ஏற்றினாள், படம் திணறியது.

“லயத்தத் தூக்கிரு லா. மேல பறக்கிறவனுக்கு அதெல்லாம் கண்ணுக்கே தெரியாது” என்றார் மேலாளர் வாசு.

நவமணிக்குச் சுருக்கென்றது. பங்களா வாசலைக் கடக்கும்போது சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். அவள் அப்பா சாகும்வரை தள்ளினார். பங்களாவுக்கு முப்பத்தாறு பாலிகன். லயத்துக்கு ஆறு வீதம் ஆறு லயத்துக்கும் அதே முப்பத்தாறு. பிறகென்ன? ஒரே தட்டில் துரை பங்களா போயிற்று. யாரிடமும் அவள் மூச்சுவிடவில்லை. பஸ்ஸில் போகும்போது சிரிப்பை அடக்கத்தான் பெரும்பாடாக இருந்தது.

மறுவாரம் அதிகாரிகள் பார்த்திருக்க, பயிற்சி விமானி ஒருவர் ஓட்டிப் பார்த்தார். மேட்டுப் பங்களாவின் சிவப்புக் கூரையைக் கண்டதும் மேலே ஏற வேண்டும் என்று அவர் கையிலிருந்த தாளில் எழுதியிருந்தது. கூரையைத் தேடித் தேடித் தாழ்ந்துகொண்டே வந்தவர், நேராக மூன்றாவது லயத்தில் போய் விழுந்தார். திரை முழுக்கச் சிவந்தது.

“அம்மா!” என்று அலறிவிட்டாள் நவமணி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். விமானி சிரித்துக்கொண்டே ஒரு பொத்தானை அழுத்தினார். லயம் பழையபடி நின்றது.

வாசு அவளைத் தனியாக அழைத்துக் காய்ச்சி எடுத்தார். “பங்களாவ யாரு தூக்கச் சொன்னா? வேல போயிரும், தெரியும்ல?”

“தப்புதான் சார். இப்பவே வச்சிர்றேன்.”

“அப்ப லயம்? நீ தூக்க மாட்ட, நானே தூக்குறேன்.”

“வேணாம் சார், நானே தூக்கிர்றேன். அங்க எங்கம்மா இருக்காங்க. இன்னும் எத்தன பேரு வந்து விழுவாங்களோ.”

சிவப்புக் கூரையை மேட்டில் திரும்ப ஏற்றினாள். பிறகு லயங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். மூன்றாவதை முதலில் அழித்தாள்.